உத்தியோகமும் அன்னிய பாஷையும்

(வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், உத்தியோக விளம்பரங்களில் அன்னிய பாஷை தெரிந்திருக்க வேண்டுமென்று நிபந்தனை போடுவதைப் பற்றியதாகும். இது வக்கீல்களும் ஜட்ஜுகளும் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, நமக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வக்கீல்கள் பேசுவதெல்லாம் வழக்கு வந்த பிறகுதான். விளம்பரத்தைப் பார்த்தவுடனேயே "இது நமக்கில்லை" என்று எழுந்து போய்விடுகிறவன் வக்கீலிடம் போவதுமில்லை, கோர்ட்டுப் படி ஏறுவதுமில்லை. மனுப் போட்டவர்கள் எத்தனை பேர், தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு எடுப்பவர்கள்கூட, மனுப் போடாமலே போனவனை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவர்களில் பலர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்றும் நினைக்கிறோம்.

கொஞ்ச நாளைக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆறு வருஷ காலம் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதிப் பழகியவர். விளம்பரமும் அதே வேலைக்குத்தான். சம்பளம் அவர் வாங்குவதைப் போல ஒன்றரைப் பங்கு. ஆனால் கடைசி வரியில் "ஜப்பான் பாஷையில் இரண்டாம் படி சர்டிபிகேட் அவசியம்" என்று இருந்தது. அந்தக் கிடங்குக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் ஒருவரை விசாரித்தோம். அங்கே அந்த நாற்காலியில் இருக்கிறவர் காலை முதல் மாலை வரை பேசுவது லாரிக்காரர்களோடும் சுமை தூக்குகிறவர்களோடும்தான். பேசுகிற பாஷை தமிழும் கொஞ்சம் இந்தியும். ஜப்பான் தேசத்து அதிகாரி எப்போதோ ஒரு தடவை வருவார், வரும்போது கூடவே துபாஷியும் வருவார் என்றார். அப்படியானால் அந்த நிபந்தனை எப்படி வந்தது? அதே கம்பெனியில் வேறொரு வேலைக்குப் போட்ட விளம்பரத்தைப் பார்த்து யாரோ ஒரு குமாஸ்தா அப்படியே நகல் எடுத்துவிட்டாராம். வாலிபரோ மனுவே போடவில்லை. யாரும் அவரை வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு வரி சொல்லிற்று; அவரும் நம்பிவிட்டார்.

தோழர்களே! இதில் யாருக்காவது அவர் பேரில் துவேஷம் இருந்ததா? இல்லை. ஆனால் துவேஷம் இருந்திருந்தால் அவருக்கு என்ன நஷ்டம் வந்திருக்குமோ, அதே நஷ்டம் ஒரு குறைவும் இல்லாமல் வந்து சேர்ந்தது. இந்தச் சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உபயோகப்படும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். வேலைக்குப் பாஷை கேட்பதெல்லாம் அக்கிரமம் என்று நாம் சொல்ல வரவில்லை. துபாஷி வேலைக்கு இரண்டு பாஷை தெரியாதவனை எப்படி வைப்பது? நம் பிள்ளைகள் பலர் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்குப் போகிறார்கள். அங்கே முழு நர்ஸாக அங்கீகாரம் பெறுவதற்குப் பொதுவாக ஜெர்மன் பாஷையில் 'பி 2' என்னும் படி வரை தேற வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பாவில் பாஷைப் பயிற்சியை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கீழிருந்து எண்ணினால் இது நாலாவது படி. இது கஷ்டமான நிபந்தனைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: படுக்கையில் கிடக்கும் கிழவர் நடு ராத்திரியில் "நெஞ்சை அடைக்கிறது" என்று தம் பாஷையில் முனகினால், பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது புரிந்தாக வேண்டும். மருந்தின் அளவைத் தப்பாகப் படித்தால் உயிர் போகும். அந்த நிபந்தனை நோயாளிக்காகப் போட்டது. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆகவே பாஷை கேட்கலாமா கூடாதா என்று கேட்பதால் பிரயோஜனமில்லை. இந்த வேலைக்கு, இந்த அளவு, இந்த விதமாகக் கேட்பது நியாயமா என்றுதான் கேட்க வேண்டும். இதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை உலகத்துக் கோர்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி வைத்திருக்கின்றன. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவில் 1964-ம் வருஷத்தில் சிவில் உரிமைச் சட்டம் ஒன்று செய்தார்கள். அதன் ஏழாவது பாகம், இனம், நிறம், மதம், ஆண் பெண் என்ற பேதம், பிறந்த தேசம் ஆகிய ஐந்தின் பேரால் உத்தியோகத்தில் வித்தியாசம் காட்டக்கூடாது என்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வைத்து வேலை வாங்கும் முதலாளிகளை அது கட்டுப்படுத்தும். வட கரோலினா மாகாணத்தில் டியூக் பவர் என்னும் மின்சாரக் கம்பெனி இருந்தது. அதன் மின்சார நிலையம் ஒன்றில் கருப்பு ஜனங்களைக் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் அதிகப்படியான சம்பளம் வாங்கினவனுக்குக்கூட, மற்றப் பிரிவுகளில் குறைந்த சம்பளம் வாங்கினவனைவிடக் கம்மியாகவே கிடைத்தது. 1965 ஜூலை 2-ந் தேதி புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. கம்பெனி என்ன செய்தது? சட்டம் அமுலுக்கு வந்த அந்தத் தேதியிலேயே, கூலிப் பிரிவைத் தவிர மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேருகிறவர்கள் ஹைஸ்கூல் முடித்திருப்பதோடு இரண்டு விதப் புத்திப் பரீட்சைகளிலும் தேற வேண்டும் என்று ஏற்படுத்திற்று. நிறம் என்ற வார்த்தையே அதில் இல்லை. கருப்பனும் எழுதலாம், வெள்ளையனும் எழுதலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக மட்டமான பள்ளிக்கூடத்தில் தள்ளப்பட்டவன் எங்கே போய்த் தேறுவான்? அதே சமயத்தில், ஹைஸ்கூல் முடிக்காத பழைய வெள்ளைக்காரத் தொழிலாளிகள் அந்த வேலைகளை ஒரு குறையுமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் ருஜுவாயிற்று.

1971-ம் வருஷத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லிற்று. முதலாளியின் மனதில் கெட்ட எண்ணம் இல்லையென்பது போதாது; போட்ட நிபந்தனை ஒரு கூட்டத்தாரை வெளியே தள்ளுமானால், அந்த நிபந்தனைக்கும் அந்த வேலைக்கும் உள்ள சம்பந்தத்தை முதலாளிதான் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் பிரதம நீதிபதி ஒரு கதையை ஞாபகப்படுத்துகிறார். நம் குழந்தைகளுக்கும் தெரிந்த நரி, கொக்குக் கதைதான். விருந்துக்கு வந்த கொக்குக்குத் தட்டையான தட்டிலே வைத்துச் "சாப்பிடு" என்றதாம் நரி. கதவு திறந்துதான் இருந்தது, உபசாரமும் நடந்தது, கொக்குதான் பட்டினி. பாத்திரம் வந்தவர்களெல்லாம் வாய் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே கோர்ட்டின் முடிவு. இந்தக் கொள்கையை 1991-ம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்திலேயே எழுதி வைத்தது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு ஜனாதிபதி, இந்தக் கொள்கையைக் கொண்டு வழக்கு நடத்துவதைக் குறைத்துக்கொள்ளும்படி சர்க்கார் இலாகாக்களுக்கு உத்தரவு போட்டார். அப்படியிருந்தும் சட்டப் புத்தகத்தில் அந்த வரிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு தலைமுறை வாங்கின நியாயத்தை அடுத்த தலைமுறை காவல் காக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

இனி பாஷைக்கு வருவோம். அந்தச் சட்டத்தின் ஐந்து காரணங்களில் பாஷை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "உன் தேசம் எதுவென்று நான் கேட்டேனா? பாஷையைத்தானே கேட்டேன்" என்று முதலாளி தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார். தேசமும் பாஷையும் உடம்பும் தோலும் போல ஒட்டிக்கொண்டிருப்பவை என்பதால், பாஷை நிபந்தனையைப் பிறந்த தேசத்தின் பேரால் செய்யும் வித்தியாசமாகக் கருதிப் பார்ப்பது அங்கே வழக்கமாகியிருக்கிறது. ஆனாலும் அந்த ஒட்டு எல்லா வழக்கிலும் நிற்பதில்லை. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு மரக் கடையில், ஸ்பானிஷ் பேசும் வாடிக்கைக்காரர்களுக்கு உதவும் என்றே இரண்டு பாஷை தெரிந்த ஒருவரை விற்பனைக்கு வைத்தார்கள். வாடிக்கைக்காரரோடு ஸ்பானிஷ் பேசலாம். வேலையாட்கள் தங்களுக்குள் இங்கிலீஷிலேதான் பேச வேண்டும் என்பது கடையின் விதி. ஒரு நாள் சக வேலைக்காரர் ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் ஸ்பானிஷில் "இல்லை" என்றார். அது ஒரு அதிகாரியின் காதில் விழுந்தது; வேலை போயிற்று. 1980-ல் அப்பீல் கோர்ட்டு, இரண்டு பாஷையும் தெரிந்தவர் இங்கிலீஷில் பேசியிருக்கலாமே, பேசாதது அவர் இஷ்டந்தானே என்று சொல்லிக் கடைக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. எந்தப் பாஷைக்காக வைத்தார்களோ அந்தப் பாஷைக்காகவே வெளியே அனுப்பினார்கள்! சட்டத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் எவ்வளவு பெரிய ஓட்டை விழும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே பல தேசங்கள் சேர்ந்து ஒரு யூனியனாக இருக்கின்றன. ஒரு தேசத்தான் இன்னொரு தேசத்தில் போய்த் தடையில்லாமல் வேலை செய்யலாம் என்பது ஒப்பந்தம். ஆளை நேரே தடுக்க முடியாவிட்டால் பாஷையைக் காட்டித் தடுப்பது சுலபமல்லவா? அதனால் 1968-ல் செய்த விதியிலேயே, வேலையின் தன்மையை முன்னிட்டுத் தேவைப்படும் பாஷை ஞானத்தைக் கேட்கலாம் என்று அளவு கட்டியிருந்தார்கள். 2011-ல் வந்த புது விதியிலும் அது இருக்கிறது.

அதன்படி நடந்த வழக்குகளில் இரண்டைச் சொல்லுகிறோம். முதலாவது குரோனர் வழக்கு. ஹாலந்து தேசத்து அம்மையார் ஒருவர் 1982 முதல் அயர்லாந்தில் டப்ளின் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சித்திரக்கலை ஆசிரியையாகக் கொஞ்ச நேர வேலை பார்த்தார். நிரந்தர உத்தியோகத்திற்கு 1984-ல் மனுப் போட்டார். அதற்கு ஐரிஷ் பாஷையில் ஒரு பரீட்சை தேற வேண்டும். அவர் தவறிவிட்டார். பாடம் நடப்பதோ இங்கிலீஷில். தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுக்க ஐரிஷ் எதற்கு என்று கேட்டார். 1989-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்கு விரோதமாகவே முடிவு சொல்லிற்று. அயர்லாந்தின் முதல் ஆட்சி பாஷை ஐரிஷ். அதைக் காப்பாற்றி வளர்ப்பது அந்தத் தேசத்தின் கொள்கை. அந்தக் கொள்கையில் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. ஆகையால் கேட்கலாம் என்றது. ஆனால் வேலிக்கும் ஒரு வேலி போட்டது. கேட்கும் அளவு நோக்கத்துக்கு மிஞ்சக்கூடாது. வெளித் தேசத்தார் பேரில் பாரபட்சம் கூடாது. அந்தப் பாஷையை எங்கள் நாட்டில்தான் கற்றிருக்க வேண்டும் என்று சொல்லக்கூடாது. தவறினவர்களுக்கு மறுபடியும் எழுத இடம் கொடுக்க வேண்டும் என்றது.

இரண்டாவது ஆங்கோனேசே வழக்கு. இத்தாலியின் வடக்கே போல்ஸானோ என்னும் ஜில்லாவில் இத்தாலியும் ஜெர்மனும் இரண்டும் புழங்குகின்றன. 1997-ல் ஒரு தனியார் வங்கி வேலைக்கு ஆள் கேட்டது. இரண்டு பாஷையும் தெரிந்ததற்கான சர்டிபிகேட் வேண்டும் என்றது. ஒரு வாலிபர் மனுப் போட்டார். அவர் அந்த ஜில்லாக்காரர், ஜெர்மன் தாய்பாஷை, இத்தாலியும் நன்றாய்த் தெரியும், ஆஸ்திரியாவில் போய்ப் பாஷைகளையே படித்துவிட்டு வந்தவர். ஆனால் அந்தக் குறிப்பிட்ட சர்டிபிகேட் இல்லை. அது அந்த ஒரு ஜில்லாவில் மட்டும் பரீட்சை வைத்து, அந்த ஒரு ஜில்லாவில் மட்டும் கொடுக்கப்படும் காகிதம். பாஷை உண்டு, காகிதம் இல்லை என்பதற்காக வங்கி அவரைச் சேர்க்கவில்லை. 2000-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நீதிமன்றம் சொன்னது: பாஷை கேட்பது சரி, சர்டிபிகேட்டை ஒரு அத்தாட்சியாக வைத்துக்கொள்வதும் சரி, ஆனால் ஒரே ஜில்லாவில் கிடைக்கும் ஒரே காகிதத்தைத் தவிர வேறெந்த அத்தாட்சியையும் பார்க்கமாட்டேன் என்பது தவறு. இந்தக் கட்டுப்பாடு சர்க்காருக்கு மட்டுமல்ல, தனியார் முதலாளிக்கும் உண்டு என்றும் அப்போதே தீர்மானமாயிற்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வழக்கில் பாஷை தெரியாதவர் தோற்றார். அடுத்ததில் பாஷை தெரிந்து காகிதம் இல்லாதவர் ஜெயித்தார். பாஷை வேறு, பாஷையின் காகிதம் வேறு என்பதே இதன் தாத்பரியம். நம் வாலிபரின் விளம்பரத்தில் கேட்ட ஜப்பான் பரீட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து படிகள் உண்டு. ஐந்திலும் வாசிக்கத் தெரியுமா, காதால் கேட்டால் புரியுமா, சொல்லும் இலக்கணமும் தெரியுமா என்றுதான் பார்க்கிறார்கள். வாய் திறந்து பேசும் பரீட்சை அதில் கிடையாது. பேசுகிற வேலைக்குப் பேச்சை அளக்காத காகிதத்தை மட்டும் கேட்டால், நீளத்தை அளக்கப் படியைக் கொண்டு வந்தது போலத்தானே ஆகும்?

இன்னொரு தந்திரமும் உண்டு. சில விளம்பரங்களில் "இங்கிலீஷைத் தாய்பாஷையாகக் கொண்டவர்களே மனுப் போடவும்" என்று போடுகிறார்கள். இதில் கேட்கப்படுவது பாஷை ஞானமே அல்ல. கற்றுக்கொள்ளக் கூடியதை யோக்கியதை என்று கேட்கலாம். தாய்பாஷையை யாராவது கற்றுக்கொள்ள முடியுமா? எந்த வீட்டில் பிறந்தாய் என்பதைத்தான் மரியாதையான வார்த்தையில் கேட்கிறார்கள். பிறப்பைக் கொண்டு ஆளைத் தரம் பிரிப்பது எவ்வளவு பெரிய புரட்டு என்பதை இந்தக் கூட்டத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பியக் கமிஷன் 2002-ம் வருஷத்திலேயே, சில வேலைகளுக்கு மிக உயர்ந்த பாஷை ஞானம் கேட்பது நியாயமாக இருக்கலாம், தாய்பாஷையாகவே இருக்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது என்று எழுதிவிட்டது.

தோழர்களே! இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று எண்ணாதீர்கள். நம் சொந்த ஜனங்களே பாஷை நிபந்தனையில் பட்ட பாடு ஒன்று உண்டு. இலங்கையில் 1956-ம் வருஷத்தில் 33-ம் நெம்பர் சட்டத்தால் சிங்களம் ஒன்றே ஆட்சி பாஷை ஆக்கப்பட்டது. பல வருஷமாகச் சர்க்கார் வேலை பார்த்துக்கொண்டிருந்த தமிழர்களும், சிங்களப் பரீட்சை தேறாவிட்டால் சம்பள உயர்வு கிடையாது என்று 1961-ல் சுற்றறிக்கை வந்தது. கோடீஸ்வரன் என்ற தமிழ்க் குமாஸ்தாவுக்கு 1962-ல் உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் பிறந்த நாட்டிலேயே, அவர் செய்துவந்த அதே வேலையில், பாஷை ஒன்று திடீரென்று யோக்கியதையாக முளைத்தது. அவர் வாயை மூடிக்கொண்டிராமல் வழக்குப் போட்டார்.

1964-ல் ஜில்லாக் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சமூகத்தாருக்கு இல்லாத இடைஞ்சலை மற்றொரு சமூகத்தாருக்குச் சட்டத்தால் செய்யக்கூடாது என்று அன்றைய அரசியல் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்லிற்று. அதற்கு இது விரோதம் என்றது. 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் உத்தியோகஸ்தன் சம்பளத்துக்காகச் சர்க்கார் மேல் வழக்குப் போடவே முடியாது என்று சொல்லிக் கதவை அடைத்தது. பாஷை நியாயமா என்ற கேள்விக்குள் அது போகவேயில்லை. 1969-ல் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம், ஆகையால் பாஷைக் கேள்வியை விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பிற்று. விசாரணை நடந்ததா? நடக்கவேயில்லை. 1972-ல் புது அரசியல் சட்டம் வந்தது. பழைய 29-வது பிரிவு போயிற்று. பல வருஷ காலம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினவர் கேட்ட கேள்விக்குக் கடைசி வரையில் பதில் கிடைக்கவில்லை.

இலங்கையின் 1978-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் 12-வது பிரிவு, இனம், மதம் முதலியவற்றோடு பாஷையின் பேராலும் வித்தியாசம் காட்டக்கூடாது என்கிறது. வேலையின் கடமைகளைச் செய்ய நியாயமாகத் தேவைப்படும் இடத்தில், நியாயமான கால அளவுக்குள் ஒரு பாஷையைப் போதுமான அளவு கற்றுக்கொள்ளும்படி கேட்கலாம் என்றும் சேர்த்திருக்கிறது. 1987-ல் தமிழும் ஆட்சி பாஷை என்று திருத்தம் செய்யப்பட்டது. எழுத்தில் பார்த்தால் உலகத்தில் இதைவிட ஒழுங்காக எழுதினவர்கள் குறைவு என்றே சொல்லலாம். ஆனால் அந்த எழுத்து வருவதற்குள் ஒரு தலைமுறைத் தமிழ் உத்தியோகஸ்தர்கள் பட்டது பட்டதுதான்.

இனி நம் தேசத்து யோக்கியதையைப் பார்ப்போம். இந்திய அரசியல் சட்டத்தின் 29-வது பிரிவு, சர்க்கார் பள்ளிக்கூடங்களிலும் சர்க்கார் பணம் பெறும் பள்ளிக்கூடங்களிலும் பாஷையின் காரணமாக மட்டும் ஒருவனுக்கு இடம் மறுக்கக்கூடாது என்கிறது. ஆனால் உத்தியோகத்தைப் பற்றிய 16-வது பிரிவில் மதம், இனம், ஜாதி, ஆண் பெண், வம்சம், பிறந்த இடம், வசிக்கும் இடம் என்று ஏழு காரணங்கள் எழுதியிருக்கின்றன. பாஷை என்ற வார்த்தை இல்லை. பள்ளிக்கூட வாசலில் இருக்கும் காவல் உத்தியோக வாசலில் இல்லை! அன்றியும் 16-வது பிரிவு கட்டுப்படுத்துவது சர்க்கார் உத்தியோகத்தைத்தான். தனியார் கம்பெனி பாஷையின் பேரால் ஆளைத் தள்ளினால், அதைத் தடுக்கப் பொதுவான சட்டம் ஒன்றும் இந்தியாவில் இல்லை. நம் வாலிபர் வக்கீலிடம் போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்பதே உண்மை.

இங்கே ஒரு கேள்வி வரும். "அப்படியானால் தமிழ்நாட்டில் சர்க்கார் வேலைக்குத் தமிழ் கேட்கிறார்களே, அது மட்டும் நியாயமா?" என்று யாராவது கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பிறருக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசு வைத்திருக்கிறவன் பகுத்தறிவைப் பற்றிப் பேச யோக்கியதை அற்றவன். 2016-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, தமிழ் தெரியாதவரும் சர்க்கார் வேலையில் சேரலாம்; இரண்டு வருஷத்துக்குள் தமிழ்ப் பரீட்சை தேற வேண்டும் என்று இருந்தது. தாலூகா ஆபீசுக்குப் பட்டா கேட்டு வரும் கிழவிக்குத் தமிழ்தான் தெரியும். அவளுக்குப் பதில் சொல்லச் சம்பளம் வாங்குகிறவருக்கும் அது தெரிய வேண்டும். கற்கக் காலமும் கொடுக்கப்பட்டது. இது அளவுகோலில் நிற்கிறது. 2021 டிசம்பரிலோ, போட்டிப் பரீட்சையிலேயே தமிழ்த் தாளில் 100-க்கு 40 வாங்க வேண்டுமென்று உத்தரவாயிற்று. இது முன்னதைவிடக் கடுமை. சேர்ந்த பிறகு கற்பதற்கு இருந்த இடத்தை இது சுருக்குகிறது. ஜனங்களோடு பேசிப் பழகும் வேலைகளுக்கு இதுவும் தகும் என்பது நம் அபிப்பிராயம். ஜனங்களின் முகத்தையே பார்க்காத வேலைகளுக்கு அவ்வளவு தூரம் தகுமா என்று கேட்பவர்களுக்கு நாம் காரணத்தோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமேயொழிய, அவர்கள் பேரில் கோபித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

இன்னும் இரண்டு ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளுகிறோம்.

"முதலாளியின் பணம், அவர் இஷ்டப்படி கேட்கிறார், உனக்கென்ன?" என்பது ஒன்று. வேலைக்குத் தேவையானதைக் கேட்பது வரைதான் இஷ்டம். தேவையில்லாததைக் கேட்டால் அவருக்கும் நஷ்டம். ஆறு வருஷம் பழகின கையைத் தள்ளிவிட்டு, ஜப்பான் எழுத்தைப் படிக்கத் தெரிந்து மூட்டைக் கணக்குத் தெரியாத ஆளை உட்கார வைப்பார்.

"தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளேன்" என்பது மற்றொன்று. கற்றுக்கொள்ளுவதை நாம் தடுப்பவர்கள் அல்ல. எத்தனை பாஷை கற்றாலும் நல்லதுதான். ஆனால் கற்பதற்குப் பணமும் பொழுதும் வேண்டும். பகலெல்லாம் கிடங்கில் நின்றவனும், அப்பன் செலவில் பட்டணத்தில் தங்கிப் படிப்பவனும் ஒரே பாஷையை ஒரே விலைக்கு வாங்குவதில்லை. அவசியமுள்ள இடத்தில் அந்த விலையைக் கேட்டால் கஷ்டப்பட்டாவது கொடுக்கலாம். அவசியமில்லாத இடத்தில் கேட்டால் அது ஏழைக்கு மட்டும் போடும் வரியாகும்.

ஆகவே இனிமேல் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று: இந்த வேலையைச் செய்கிறவன் அந்தப் பாஷையில் யாரோடு, எதற்காகப் பேசுகிறான்? இரண்டு: கேட்கும் அளவு அந்த வேலைக்குத் தேவையான அளவா, அதற்கு மேலா? மூன்று: பாஷையைக் கேட்கிறார்களா, ஒரே ஒரு காகிதத்தைக் கேட்கிறார்களா, அல்லது பிறப்பையே கேட்கிறார்களா? நான்கு: கற்றுக்கொள்ளக் காலமும், தவறினால் மறுபடி எழுத இடமும் உண்டா? இந்த நான்குக்கும் நல்ல பதில் இருந்தால் அது யோக்கியதை. இல்லாவிட்டால் அது வேலி.

வேலி என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டிய காரியமும் உண்டு. முதலாவதாக மனுப் போடுங்கள். "இந்த நிபந்தனை எந்த வேலைக்காக என்று தெரிவிக்கவும்" என்று ஒரு வரி மரியாதையாகச் சேர்த்து எழுதுங்கள். சர்க்கார் ஸ்தாபனமானால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி அந்த நிபந்தனையைப் பற்றிய தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்கலாம். காரணமற்ற நிபந்தனையானால் ஐகோர்ட்டில் முறையிடவும் வழியுண்டு. இந்த வாசகசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இந்த மாதிரி விளம்பரங்களை ஒட்டி வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒருவனுடைய துரதிர்ஷ்டமாகத் தோன்றும். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் வழக்கம் என்பது விளங்கும். உத்தியோகப் பிரிவில் பாஷை என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொல்லியும், தனியார் வேலைக்கும் ஒரு சட்டம் செய்யச் சொல்லியும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாக அந்த வாலிபரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நாம் எவ்வளவோ சொன்ன பிறகு, கெடு முடிவதற்கு முதல் நாள் மனுப் போட்டார். பாஷைக் கேள்வியையும் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. வருமோ வராதோ தெரியாது. ஆனால் இந்தத் தடவை அவர் கணக்கிலே இருக்கிறார். "வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமானால் அவர்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவருக்காக ஒரு வரி சொல்லி முடித்துவிட முடியாது.

நாம் சொன்னதாலேயே இவற்றை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், கையில் கிடைக்கும் அடுத்த விளம்பரத்தை வைத்து நீங்களே அளந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.